தண்டிலிருந்து கஸ்தூர்பா ரோட்டுக்கு

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கஸ்தூர்பா ரோடு அரசு மியூசியத்துக்கு நடந்தே போகலாம். பெரியவர்கள் நடைக்கு முக்கால் மணி. பிள்ளைகளோடு போனால் அதற்கும் மேலே. கமர்ஷியல் ஸ்ட்ரீட், காமராஜ் ரோடு, எம்.ஜி. ரோடு, காந்தி சிலை, பிறகு கப்பன் பார்க் முனையில் 1906இல் வைத்த விக்டோரியா ராணி சிலை. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் எங்கள் தெருவில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பலர் அங்கே உள்ளே போனதில்லை. போனவர்களும் பள்ளிக்கூடத்தோடு போனவர்கள். வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்த கணக்கில் சேர்க்க மாட்டேன்.

என் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. லீவு நாளில் அவர்களை மியூசியங்களுக்குக் கூட்டிப்போவது என் வேலை. அப்போது பார்த்ததும் பிறகு யோசித்ததும் இந்த நோட்டில் இருக்கின்றன. வரிசைப்படுத்தவில்லை.

*

ஒரு தடவைக்கு ஒரு ஹால் போதும். அந்த ஹாலிலும் ஒரு பொருள் போதும். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று எல்லாவற்றையும் பார்க்கவைத்தால், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குக் கால்வலி மட்டும்தான் நினைவிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் ஊன்றிப் பார்த்தாலே பெரிது. அதற்குப் பிறகு வெளியே கூட்டிவந்து கப்பன் பார்க் மரத்தடியில் விட்டுவிட வேண்டும். வாழைப்பழம், தண்ணீர், பாத்ரூம் எங்கே என்கிற விவரம், இந்த மூன்றும் உள்ளே நுழைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பசித்த பிள்ளைக்கு ஹொய்சளச் சிற்பத்தைக் காட்டிப் பயனில்லை.

*

கஸ்தூர்பா ரோட்டின் சிவப்புக் கட்டடம் 1877இல் எழுந்தது. வரைந்தவர் கர்னல் ரிச்சர்ட் சாங்கி. சாங்கி ஏரிக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். மியூசியம் அதற்கும் முந்தியது, 1865இல் தொடங்கியது. அதைத் தொடங்க முயற்சி எடுத்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். 1851இல் சென்னை மியூசியம் தொடங்கியபோது அதற்கு முதல் பொறுப்பாளராக இருந்தவரும் அவரே. ஆக எழும்பூர் மியூசியமும் இதுவும் ஒரே மனிதர் முன்னின்று தொடங்கிய இரண்டு வீடுகள். 1809க்குப் பிறகு மதராஸ் பட்டாளத்தோடு சமையல்காரர்களாக, கொத்தனார்களாக, சலவைக்காரர்களாக, கான்ட்ராக்டர்களாக இந்தத் தண்டுக்கு, அதாவது கன்டோன்மென்ட்டுக்கு, வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர். தண்டு மாரியம்மன் கோயில் அவர்கள் வந்த தடம். மியூசியமும் அதே மதராஸ் வழியாகத்தான் வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் பெரியவளுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஓர் உரிமை வந்துவிட்டது.

பால்ஃபரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்ததும் கூட்டம் பெருகியதைக் கவனித்தார். 1855இல் மியூசிய வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையையும் தொடங்கிவிட்டார். சென்னை ஜனங்கள் ஒன்றை உயிர்க் காலேஜ் என்றும் மற்றதைச் செத்த காலேஜ் என்றும் சொல்லிவந்தார்கள். என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். உயிர் உள்ளதைப் பார்க்கவே ஜனங்கள் வருவார்கள் என்பது பால்ஃபருக்குப் புரிந்திருந்தது. பிள்ளைகளுக்கு இது இன்னும் நூறு மடங்கு பொருந்தும். கண்ணாடிக்குள் இருப்பதற்கு ஒரு கதையால் உயிர் கொடுக்க வேண்டியது கூட்டிப்போகிறவர் பொறுப்பு.

*

உயிர் கொடுக்க இந்த மியூசியத்தில் ஒரு கல் இருக்கிறது. ஆதகூர்க் கல்வெட்டு. மண்டியா மாவட்டம் மத்தூர் தாலுக்காவில் ஆதகூர் சல்லேஸ்வரர் கோயிலில் கிடைத்த நடுகல் அது. காலம் பொ.ஆ. 949–950. எழுத்து பழைய கன்னடம். கல்லின் மேல்புறத்தில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் மோதிக்கொள்கிற சிற்பம்.

சின்னவன் அதன் முன்னால் நின்றதும், "அத்தே, இது நாய்தானே?" என்றான்.

"நாய்தான். பேரு காளி."

"கல்லுல நாய் பேரு இருக்கா?"

இருக்கிறது. அதுதான் விஷயம். கங்க அரசன் இரண்டாம் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். போரில் நன்றாகச் சண்டை போட்டதற்காக, என்ன வேண்டும் கேள் என்றார்கள். ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. பன்றியும் செத்தது, காளியும் செத்தது. மணலேரன் அதற்குக் கல் நட்டான். கல்லுக்குப் பூசை நடக்க நிலம் எழுதிவைத்தான். பூசை செய்யாமல் அந்த நிலத்து வருமானத்தைச் சாப்பிடுகிற பூசாரிக்கு நாயின் பாவம் சேரும் என்றும் வெட்டிவைத்தான்.

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வளர்கிற பிள்ளைக்கு நாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறிக்கடை வாசலில் எந்த நாய் எந்தக் கடைக்குச் சொந்தம் என்பது அவனுக்கு அத்துப்படி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தன் நாய்க்காக அழுதிருக்கிறான் என்பதை அவனால் உடனே எட்டிப் பிடிக்க முடிந்தது. "ரொம்ப அழுதிருப்பானா?" என்று மட்டும் கேட்டான். கல் வெட்டுகிற அளவுக்கு அழுதிருப்பான் என்றேன்.

பெரியவளுக்கு நான் வைத்திருந்தது வேறு. மணலேரன் சண்டை போட்ட அந்தப் போர் எது? தக்கோலப் போர். ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனும் பூதுகனும் ஒரு பக்கம், சோழ இளவரசன் ராஜாதித்தன் எதிர்ப்பக்கம். ராஜாதித்தன் முதலாம் பராந்தகனின் மகன். யானை மேல் இருந்தபடியே உயிர் விட்டதால் யானைமேல் துஞ்சிய தேவர் என்று தமிழ்க் கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன. அவனைக் கொன்றவன் பூதுகன் என்று சொல்வது இதே ஆதகூர்க் கல். நாய்க்கு நட்ட கல்லில் ஒரு சோழ இளவரசனின் சாவும் பதிந்திருக்கிறது.

"அப்போ நம்ம ஆளு தோத்துட்டாரா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பெங்களூரில் பிறந்து கன்னடம் முதல் பாடமாகப் படிக்கிற பெண். வீட்டில் தமிழ், தெருவில் உருதும் கன்னடமும் கலந்த பேச்சு. அவளுக்கு யார் நம்ம ஆள்? நான் பதில் சொல்லவில்லை. கல்லில் இருக்கிற எழுத்தில் ஏதாவது படிக்க வருகிறதா பார் என்றேன். குனிந்து பார்த்தாள். இரண்டொரு எழுத்து தெரிந்த எழுத்தைப் போல இருக்கிறது என்றாள். வெளியே வந்த பிறகு அவளே, "பூதுகனும் பாவம்தான் அத்தே, போருன்னா யாராவது சாவணும்ல" என்றாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வென்றவன் தோற்றவன் என்று இரண்டு கட்டம்தான் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பேத்தியாக ஒரு பிள்ளை நின்று யோசிக்கிற இடத்தை ஒரு கல் கொடுக்கிறது. மியூசியத்தை நான் மதிப்பது இதற்காகத்தான்.

பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏறிச் சென்னைக்குப் போகிற ரயில் பங்காருபேட்டை, ஜோலார்பேட்டை, காட்பாடி தாண்டி அரக்கோணத்துக்கு வரும். தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கம். அடுத்த தடவை போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர். அந்தப் பெயரில் ராஜாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படுகிற ஏரி வீராணம். அங்கிருந்து இன்றைக்கும் சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது. சென்னையில் சித்தி வீட்டுக் குழாயைப் பெரியவள் இனிமேல் வேறு மாதிரிதான் பார்ப்பாள்.

*

பலகையில் எழுதியிருப்பதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதீர்கள். முதலில் பொருளைப் பார்க்கவிடுங்கள். அது எதனால் செய்தது, யார் தூக்கியிருப்பார்கள், கனமாக இருக்குமா, உடைந்த கை எங்கே போயிருக்கும் என்று பிள்ளையே கேட்டுக்கொண்டு வரும். நாம் பதிலுக்கு அவசரப்படக் கூடாது. "நீ என்ன நினைக்கிறே?" என்ற ஒரு கேள்வி போதும். பிறகு பலகைக்குப் போகலாம், தான் நினைத்தது சரியா என்று பார்க்க. அப்போது பலகைக்கும் மதிப்பு வருகிறது. பல மியூசியங்களில் பலகை பெரியவர்கள் கண் உயரத்தில் இருப்பதால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் காட்ட வேண்டியிருக்கிறது. அது தனி வருத்தம்.

ஒரு மியூசியத்தில் காவலாளி, "தொடாதே!" என்று கத்தியதில் சின்னவன் பயந்து என் புடவைக்குப் பின்னால் போய்விட்டான். அந்த ஆளைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அது. ஆனால் ஏன் தொடக்கூடாது என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். கோயில் வாசற்படி நடுவில் குழிந்திருப்பதைக் காட்டி, எத்தனை கால் பட்டுப் பட்டு இது தேய்ந்திருக்கும் என்று கேட்டேன். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, லட்சம் பேர் தொட்டால் காளியின் மூக்கு மறைந்துவிடும். அதற்குப் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறான். மற்றப் பிள்ளைகளுக்கும் அவனே சொல்கிறான்.

*

தொடலாம் என்கிற மியூசியம் அதே ரோட்டில் இருக்கிறது. விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப மியூசியம். கட்டடத்தை 1962இல் நேரு திறந்துவைத்தார். 1965இல் மின்சாரக் காட்சிக்கூடத்தோடு மக்களுக்குத் திறந்தது. அமெரிக்காவில் புரூக்ளினில் 1899லேயே குழந்தைகளுக்கென்று ஒரு மியூசியம் வந்துவிட்டது. 1962இல் பாஸ்டன் குழந்தைகள் மியூசியத்துக்குப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக் கண்ணாடிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, பொருள்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். குழந்தை வளர்ப்புப் புத்தகத்தால் உலகம் அறிந்த டாக்டர் ஸ்பாக்கின் மகன் அவர். சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரடோரியம் தொடங்கியது 1969இல். இயற்பியல் ஆராய்ச்சியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, கொலராடோவில் மாடு வளர்த்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலத்தில் அவருக்கு வந்த யோசனைகளின் பலன் அது. அதற்கு நான்கு வருஷம் முன்பே நம் ஊரில் இப்படி ஓர் இடம் திறந்துவிட்டது. இது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

உள்ளே ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு அதே அளவில் ஒரு நகல் இருக்கிறது. அதன் கீழே நின்று சின்னவனை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்ததும், அவ்வளவுதான், முதல் பறப்பு முடிந்தது என்றேன். 1903 டிசம்பர் 17, பன்னிரண்டு விநாடி, 120 அடி. நம்பாமல் மறுபடியும் எண்ணினான். வெளியே மாருத் போர் விமானம் நிற்கிறது. இதே பெங்களூரில் எச்.ஏ.எல். செய்தது, முதலில் பறந்தது 1961இல். பன்னிரண்டு விநாடியிலிருந்து அதுவரைக்கும் அறுபது வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே அதைவிட அதிக வருஷம். இப்படிச் சொன்னால்தான் பிள்ளைக்கு வருஷக் கணக்கு பிடிபடுகிறது.

பொத்தானை அமுக்கினால் ஏதாவது நடக்கும் என்பது அங்கே பெரிய சந்தோஷம். பல பெற்றோர் ஒரு பொத்தானை ஒரு தடவை அமுக்கவிட்டு, "வா வா, அடுத்தது" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளை ஒரே கப்பியை எத்தனை தடவை இழுத்தாலும் விட்டுவிட வேண்டும். இழுக்கிற கைக்குத்தான் பாரம் குறைகிறது தெரிகிறது. பத்தாவது தடவையில்தான், "அத்தே, கயிறு நீளமா இழுக்கணும், ஆனா லேசா இருக்கு" என்று ஒரு வாக்கியம் வரும். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதுவது அந்த வாக்கியத்தைத்தான்.

*

மின்சாரக் கூடத்துக்கு மட்டும் அப்பாவையும் கூட்டிப்போனேன். அவர் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1902 ஜூன் 30ஆம் தேதி சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது கோலார் தங்கவயலுக்குத்தான். ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி. பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905இல். வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன எங்கள் முன்னோர் இறங்கிய குழிக்கு, மகாராஜாவின் மைசூருக்கும் முன்பே கரண்ட் வந்துவிட்டது.

அப்பா பேரனிடம் இதையெல்லாம் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கே ஒரு மோட்டாரைப் பார்த்ததும் கூண்டு எப்படி இறங்கும், மணி எத்தனை அடித்தால் என்ன அர்த்தம், கீழே சூடு எப்படி இருக்கும் என்று அவராகவே ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று குடும்பங்களின் பிள்ளைகளும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெரியவள் கேள்வி மேல் கேள்வி. சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடினார்கள். அன்றிலிருந்து யாரும் கேட்காத கேள்விகள் அவை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மியூசியத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். உட்கார நாற்காலி மட்டும் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

அரசு மியூசியத்தை ஒட்டியே வெங்கடப்பா ஓவியக்கூடம். கே. வெங்கடப்பா அபனீந்திரநாத் தாகூரின் மாணவர், வீணையும் வாசித்தவர். அவர் வரைந்த உதகை, கொடைக்கானல் நீர்வண்ண ஓவியங்களைப் பெரியவளுக்குக் காட்ட வேண்டும். மூடுபனியை வண்ணத்தில் எப்படிக் கொண்டுவந்தார் என்பதைப் பற்றி அவளோடு பேச ஆசை.

2023இல் கஸ்தூர்பா ரோட்டில் திறந்த கலை, புகைப்பட மியூசியம் வெளியிலிருந்தே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டியை நினைவில் வைத்துக் கட்டிய கட்டடம். "தொட்டிக்குள்ள போறோமா?" என்று சின்னவன் கேட்டான். கட்டியவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

அரண்மனை ரோட்டு மாணிக்கவேலு மாளிகையில் 2009இல் திறந்த தேசிய நவீன ஓவியக்கூடம் சிவாஜிநகருக்கு இன்னும் பக்கம். பிள்ளைகளை அங்கே முதலில் மரங்களைப் பார்க்க விடுவேன், பிறகு ஒரே ஒரு ஓவியம்.

*

கையில் ஒரு பென்சிலும் கோடில்லாத நோட்டும். பேனா வேண்டாம், மையைப் பார்த்தால் மியூசியக்காரர்களுக்குக் கவலை வரும். போனில் படம் எடுத்தால் பிள்ளை பொருளைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறது. வரையும்போது பார்த்தே ஆக வேண்டும். நாயின் வால் மேலே தூக்கி இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது வரைகிற பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். படம் அழகாக வர வேண்டியதில்லை. அதை யாரும் திருத்தவும் கூடாது.

வீட்டில் ஒரு காலிச் செருப்புப் பெட்டியில் பிள்ளைகள் மியூசியம் வைத்திருக்கிறார்கள். அப்பா வேலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கின் மூடி, மாதா கோயில் செப்டம்பர்த் திருவிழாவில் வாங்கிய ஊதல், அம்மாவின் உடைந்த கண்ணாடி வளையல், எங்கேயோ பொறுக்கிய துருப்பிடித்த லாடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெரியவள் சீட்டு எழுதியிருக்கிறாள்: என்ன பொருள், யார் கொடுத்தது, எப்போது கிடைத்தது. லாடத்துக்கு மட்டும், "குதிரை யாருடையது என்று விசாரிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள். காமராஜ் ரோட்டுக்கு முன்பு கேவல்ரி ரோடு என்று பெயர், குதிரைப்படை இருந்த இடம் என்று சொன்னேன். சீட்டில் அதையும் சேர்த்துவிட்டாள். எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதாத பொருள் வெறும் சாமான் என்பது அவளுக்கு இப்போது தெரியும். தொல்லியல் படிக்கிறவர்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடமும் இதுதான்.

*

மியூசியங்களை நடத்துகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு ஹாலிலும் பத்துப் பொருளுக்காவது பிள்ளைகள் உயரத்தில், பிள்ளைகளுக்குப் புரிகிற வார்த்தையில் ஒரு சின்னப் பலகை வையுங்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும், நாங்கள் சொல்லிக்கொடுத்துக்கொள்வோம். காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஏறி நிற்க ஒரு மரப்படி போடுங்கள். ஆதகூர்க் கல்லின் கதையைப் பிள்ளைகளுக்கு என்று நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். நாய்க்காகவே ஜனங்கள் வருவார்கள்.

பள்ளிக்கூடங்களிடம் ஒன்று. ஒரே நாளில் நாலு இடம் காட்டாதீர்கள். அதே வேனில் ஒரே இடத்துக்கு நாலு தடவை கூட்டிப்போங்கள்.

பெற்றோரிடம் ஒன்று. அரசு மியூசியம் மராமத்துக்காக மூடியிருந்த காலங்கள் உண்டு, ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திறந்திருந்தால் காளியிடம் முதலில் போங்கள். மூடியிருந்தால் அதே ரோட்டில் மாருத் விமானம் நிற்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.